கல்லாவுல உக்காந்தவன் எந்திரிப்பானா?

என்னப்பா பேராண்டி, பனியன்ல பச்சையா ஏதோ இலை போட்டிருக்க? மரவள்ளியா? உங்க அப்பத்தா புளிச்சக்கீரைங்கிறா. "இன்னைக்கு இதைக் கடையச் சொல்றானா பேரன்?"னு கேட்டுப்புட்டு அடுப்பங்கரைக்குப் போயிட்டா. எனக்குத் தெரியாதாக்கும் அது கஞ்சா இலைன்னு? கம்பம் பள்ளத்தாக்குல பொறந்து வளந்தவன்டா நான். வருசநாட்டு மலையில அது ஆளுசரத்துக்கு நின்ன காலமும் தெரியும், போலீசும் வனத்துறையும் ஏறிப் போயி வெட்டிக் குமிச்சுத் தீ வச்ச காலமும் தெரியும். செடிய நேர்ல பார்க்காத பயகதான் இப்ப அதைப் பனியன்ல போட்டுக்கிட்டுத் திரியுறீக.

சரி, உக்காரு. கஞ்சாவைச் சட்டப்படி விக்க விடணுங்கிற. நீ பேசுறப்ப கையை ஆட்டுறதப் பார்த்தா சுதந்திரப் போராட்டத் தியாகி பென்சனுக்கு எழுதிப் போடலாம் போலருக்கு. கேட்டுட்டேன். இப்ப நான் பேசுறேன், நீ அந்தப் போனைக் கவுத்து வையி.

மொத மொதல்ல சிவனை இழுத்த. சிவனே இழுத்தாராம், நமக்கு என்ன தடைன்னு. அவரு ஆலகால விசத்தையும்தான் குடிச்சாரு. காலையில வெறும் வயித்துல நீ ஒரு டம்ளர் அடிச்சுக் காட்டேன். அவரு கழுத்துல பாம்பைப் போட்டிருக்காரு. நீ ஓணானைக் கண்டா கட்டில்ல ஏறி நிக்கிற பய. சாமியை உன் சோலிக்குச் சாட்சி கூப்பிடாதே. கோர்ட்டுக்கு அவரு வரமாட்டாரு. வர்றது உங்கப்பன்தான், சொத்துப் பத்திரத்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, ஜாமீன் எடுக்க.

அடுத்தாப்புல மருந்துன்ன. மருந்துதான், யாரு இல்லேன்னா? சித்த வைத்தியத்துல அதைச் சுத்தி பண்ணி, அளவு பார்த்து, மத்த சரக்கோட சேர்த்துத்தான் கொடுப்பாக. அமெரிக்காவுல 2018ல அதுல இருந்து எடுத்த ஒரு மருந்தை, சின்னப் பிள்ளைகளுக்கு வர்ற கொடுமையான வலிப்பு நோய்க்குக் கொடுக்கலாம்னு அனுமதிச்சிருக்காக. ஐ.நா. சபையில 2020 டிசம்பர்ல ஓட்டு எடுத்தாக. ரொம்ப மோசமான வஸ்துக இருக்குற பட்டியல்ல இருந்து கஞ்சாவை எடுக்கலாமான்னு. எடுக்கலாம்னு 27, வேணாம்னு 25. நம்ம இந்தியாவும் எடுக்கலாம்னுதான் கையைத் தூக்குச்சு. மருத்துவத்துக்கு ஆகும்னு தூக்குனாக. சரி, உனக்கு என்ன நோவு ராசா? சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் வர்ற நோவா? மொட்டை மாடியில நாலு பேருக்கு ஒரே நேரத்துல வர்ற நோவா?

உன்னையே வையிறேன்னு மூஞ்சியத் தூக்காதே. அங்கிட்டு நிக்கிறவுகளையும் விடப் போறதில்ல.

காசிக்குப் போயிருந்தப்ப ஒரு சந்துல பார்த்தேன். கடை. மேல பலகை. பலகையில என்னமோ இந்தியில எழுதியிருக்கு. கூட வந்தவரு படிச்சுச் சொன்னாரு, சர்க்கார் பாங்கு கடைன்னு. உள்ள ஒருத்தன் சம்மணம் போட்டு உக்காந்திருக்கான். முன்னால தாம்பாளம். தாம்பாளத்துல பச்சைப் பச்சையா எலுமிச்சங்காய் தண்டிக்கு உருண்டை. நம்ம வீட்டுல மருதாணி அரைச்சு உருட்டி வைப்பாகளே, அச்சு அசல் அதே நெறம். கோயிலுக்குப் போற ஆளு ஒண்ணை வாங்குறான், பால்ல கரைச்சு அடிக்கிறான், தொடைச்சுக்கிட்டுப் போறான். போலீசுக்காரரு பக்கத்துலயே நின்னு டீ குடிக்கிறாரு. அதே செடிதான்டா! இலையை அரைச்சா பாங்கு. பூவைக் காய வச்சாக் கஞ்சா.

1985ல போட்ட சட்டம் அப்படி எழுதியிருக்கு. பூவும் காயும் இருக்குற நுனிதான் கஞ்சா. நுனி சேராத இலையும் விதையும் அந்தக் கணக்குல வராது. அதனால வடக்க சில மாநிலத்துல இலைக்கு லைசென்சு, பூவுக்கு லாக்கப்பு. செடிக்குத் தெரியுமா தன்னோட எந்த உறுப்பு குத்தவாளின்னு? அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாளு எது தெரியுமா? நவம்பர் 14. குழந்தைகள் தினம். நல்ல நாளு பார்த்துத்தான் வந்திருக்கு.

தண்டனையையும் தெரிஞ்சுக்க, பனியன் போடுற பயலுக்கு உதவும். பூக் கஞ்சா ஒரு கிலோவுக்குக் கீழன்னா சின்ன அளவு. அதுக்கு ஒரு வருசம் வரைக்கும் கடுங்காவல், இல்லேன்னா 10,000 ரூவா வரைக்கும் அபராதம், இல்லேன்னா ரெண்டும். குடிச்சதுக்கு மட்டும்னா ஆறு மாசம் வரைக்கும். 20 கிலோவுக்கு மேல போனா யாவார அளவு. அதுக்குக் குறைஞ்சது 10 வருசம், 20 வருசம் வரைக்கும் போகும், கூடவே லட்சக் கணக்குல அபராதம். ஜாமீனும் லேசுல கிடைக்காது. ஆந்திரா ஒடிசா எல்லையில மலையில வெளைய வச்சு, லாரியில ஏத்தி விடுற முதலாளி இருக்கானே, அவன் எந்த ரயில்லயும் மூட்டையோட உக்காந்து வர்றதில்ல. மாட்டுறது கூலிக்குத் தூக்குன பய. இல்லாட்டி பொட்டலத்தோட நின்ன காலேசுப் பய.

புடிச்சதையாவது ஒழுங்கா வச்சிருக்காகளா? இங்கதான் கதை ருசிக்கும், கிட்ட வா.

சென்னையில 2020ல ரெண்டு பேரை 22 கிலோ கஞ்சாவோட புடிச்சாக. யாவார அளவு. பத்து வருசம் உறுதின்னு எல்லாரும் நெனச்சாக. வழக்கு 2023ல விசாரணைக்கு வந்துச்சு. ஜட்ஜ் அய்யா கேக்காரு, எங்கப்பா சரக்கு? கோர்ட்டுக்கு வந்தது சோதனைக்கு எடுத்த கொஞ்சூண்டு. மிச்சம்? எலி தின்னுருச்சுங்கய்யா! நான் கட்டிச் சொல்லல, பேப்பர்ல வந்த சேதி. சாட்சிப் பொருள் இல்லேன்னு ரெண்டு பேரையும் விடுதலை பண்ணி அனுப்பிட்டாக. இதுக்கு முந்தின வருசம் உத்தரப் பிரதேசத்துல மதுராவுல இதே எலி 581 கிலோவைத் தின்னுருச்சுன்னு போலீசு கோர்ட்டுல சொல்லிச்சு. 581 கிலோ! வடக்கத்தி எலிக்குத் தீனி கொஞ்சம் தூக்கல்தான். என் வீட்டுக் குதிருக்குள்ளயும்தான் எலி இருக்கு. நெல்லைத் திங்கும், உமியைப் போட்டுட்டுப் போகும். புழுக்கை கிடக்கும். சாக்குல ஓட்டை இருக்கும். இந்தக் கஞ்சா தின்ன எலி, சாக்கோடயா முழுங்குச்சு? அம்புட்டையும் தின்னுபுட்டு அது எங்க போயி மல்லாந்து கிடந்துச்சு? கேக்கப்படாது. கேட்டா எம்மேல கேசு.

அதே போலீசுலதான் நெசமா உழைக்கிறவுகளும் இருக்காக, அதையும் சொல்லணும். ஆந்திராவுல 2022 பிப்ரவரியில புடிச்சு வச்சிருந்த 2 லட்சம் கிலோவை ஒண்ணாக் குமிச்சு எரிச்சாக. அன்னைக்குக் காத்து எந்தப் பக்கம் அடிச்சுச்சோ, அந்த ஊரு ஆடு மாடெல்லாம் சிரிச்சிருக்கும்.

இப்ப மேடை போட்டுப் பேசுறவுககிட்ட வருவோம். வருசா வருசம் ஆகஸ்டுல பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வெயில்ல நிப்பாட்டி, கையை நீட்டச் சொல்லி, போதைப்பொருளைத் தொட மாட்டேன்னு உறுதிமொழி எடுக்க வைக்கிறாக. நல்ல சோலிதான். உறுதிமொழி எடுத்துட்டு அந்தப் பிள்ளை வீட்டுக்கு நடந்து வர்ற வழியில டாஸ்மாக் கடை. மத்தியானம் 12 மணிக்கு ஷட்டர் ஏறுது. முன்னால வரிசை. வரிசையில அவுக அப்பன். "போதை தப்பு"ன்னு சொல்லிக் கொடுத்த அரசாங்கமும், அப்பனுக்கு பாட்டிலை எடுத்து நீட்டுற அரசாங்கமும் ஒண்ணுதானான்னு அந்தப் பிள்ளை கேட்டா நீ என்ன சொல்லுவ? பாட்டில்ல எழுதியிருக்குல்ல, நாட்டுக்கும் வீட்டுக்கும் உயிருக்கும் கேடுன்னு? விக்கிறவனே கேடுன்னு ஒட்டி விக்கிற சரக்கு உலகத்துல வேற எது இருக்கு, பீடி சிகரெட்டைத் தவிர?

நாட்டுல எம்புட்டுப் பேரு எதைத் தொடுறான்னு டெல்லி எய்ம்ஸ் டாக்டருக கணக்கெடுத்து 2019ல அறிக்கை விட்டாக. 10 வயசுல இருந்து 75 வயசு வரைக்கும் இருக்குறவுகள்ல சாராயம் தொடுறவன் 14.6 சதவீதம். பாங்கு, கஞ்சா, சரஸ் எல்லாத்தையும் சேர்த்தே 2.8 சதவீதம்தான். அதுலயும் பாங்குதான் சாஸ்தி. ஆக, குடும்பத்தைக் குப்புறக் கவுக்குறதுல சாராயத்துக்குப் பக்கத்துல கஞ்சா வர முடியாது. கள்ளக்குறிச்சியில 2024ல கள்ளச் சாராயத்துல 60 பேருக்கு மேல செத்தாக, மெத்தனால் கலந்த சரக்கு. கஞ்சா குடிச்சு அப்படி ஒரே நாள்ல ஊரு ஊராச் செத்ததாக் கேள்விப்பட்டிருக்கியா? இல்ல. நானும் இல்ல.

பாரு, உன் மூஞ்சியில எம்புட்டு வெளிச்சம்! தாத்தன் நம்ம பக்கம்னு நெனச்சுட்ட. அவசரப்படாதே.

இது ஒண்ணும் புதுப் பஞ்சாயத்து இல்லடா. வெள்ளைக்காரன் காலத்துலயே நடந்தது. கஞ்சா குடிச்சு இந்தியாவுல அம்புட்டுப் பேரும் பைத்தியமாகுறான், ஆஸ்பத்திரி எல்லாம் நெறைஞ்சு கெடக்குன்னு 1893ல லண்டன் பார்லிமெண்டுல ஒரு கூச்சல். உடனே ஒரு கமிசன் போட்டாக. ஏழு பேரு. அதுல மூணு பேரு நம்ம நாட்டாளுக. ஊரு ஊராப் போயி 1,193 சாட்சிகளை விசாரிச்சு, ஏழு தொகுதி எழுதித் தள்ளிட்டாக. அதுல எனக்குப் புடிச்ச சங்கதி எது தெரியுமா? பைத்தியக்கார ஆஸ்பத்திரிப் பதிவேட்டைத் தோண்டிப் பார்த்தாக. நோவுக்குக் காரணம்னு ஒரு கட்டம். கட்டத்துல வரிசையாக் "கஞ்சா, கஞ்சா"ன்னு எழுதியிருக்கு. யாருடா எழுதுனதுன்னு பார்த்தா, டாக்டர் எழுதல. ஆளைக் கொண்டாந்து விட்ட போலீசுகிட்ட இருந்து வந்த சேதி. காரணம் தெரியாத இடத்துல எல்லாம் கஞ்சான்னு போட்டு முடிச்சிருக்காக! கட்டத்தை வெறுமனே விடக் கூடாதுல்ல? அளவாத் தொடுறவனுக்குப் பெரிய கேடு இல்ல, அளவு மீறுனவனுக்குக் கேடு உண்டு, ஒரேடியாத் தடை பண்ண வேண்டியதில்ல, வரி போட்டு லைசென்சு கொடுத்துக் கட்டுக்குள்ள வையின்னு எழுதிக் கொடுத்தாக.

வெள்ளைக்காரன் சந்தோசமா ஒத்துக்கிட்டான். ஏன் ஒத்துக்கிட்டான்? நம்ம மேல பிரியமா? கலால் வருமானம்டா! மதராஸ் மாகாணத்துலயும் லைசென்சு கஞ்சாக் கடை இருந்துச்சு. அப்புறம் சுதந்திரம் வந்து, 1961ல ஐ.நா. ஒப்பந்தம் வந்து, பழக்கத்தை ஒழிக்க 25 வருசம் தவணை கொடுத்தாக. தவணை முடியப் போற நேரத்துலதான் நாம முழிச்சுப் பார்த்து 1985ல சட்டம் போட்டது. நூறு வருசம் கடை நடத்துன பூமி இது. நீ என்னமோ அமெரிக்காவுல இருந்து இறக்குமதி பண்ணுன அறிவு மாதிரிப் பேசுற.

சரி, அமெரிக்காவுக்கே போவோம். கொலராடோ. 2012ல ஓட்டுப் போட்டு, 2014 ஜனவரி 1ந் தேதி கடையைத் தொறந்துட்டான். மக்களை எப்படிச் சம்மதிக்க வச்சான்? கலால் வரியில வருசத்துக்கு மொத 4 கோடி டாலர் பள்ளிக்கூடம் கட்டன்னான். இதைக் கேட்டதும் எனக்கு இங்க நம்ம கதைதான் ஞாபகம் வந்துச்சு. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேணும்னா அப்பன்மாரு இழுக்கணும். நல்லா இழுத்தா நல்ல பள்ளிக்கூடம். இழுக்கிறவன் திருந்திட்டா? ஓடு மாத்தக் காசு இருக்காது!

நியூயார்க்குல 2021ல சட்டம் போட்டான். லைசென்சு கொடுக்க மேசைக்கு மேசை காயிதம் நகர்ந்துக்கிட்டு இருந்த நேரத்துல, தெருவுக்குத் தெரு லைசென்சே இல்லாத கடை முளைச்சுருச்சு. ஆயிரக் கணக்குல. சட்டப்படி தொறந்தா கள்ள யாவாரம் ஒழிஞ்சுரும்னு சொன்னியே, அதுக்குத்தான் சொல்றேன். லைசென்சுக் கடைக்காரன் வரி கட்டணும், சோதனைக்குக் கொடுக்கணும், வாடகை கொடுக்கணும். கள்ளக் கடைக்காரனுக்கு இது எதுவும் கெடையாது. எவன் சரக்கு சல்லிசாருக்கும்?

ஆலந்துக்காரன் இருக்கானே, அவன் ஒரு தினுசு. 1976ல இருந்து காபிக் கடைன்னு பேரு வச்சு விக்க விடுறான், இப்ப ஆளுக்கு அஞ்சு கிராம். விக்கலாம். ஆனா கடைக்காரன் சரக்கை எங்க இருந்து வாங்குவான்? அது குத்தம்! முன்வாசல்ல வெத்தலை பாக்கு, பின்வாசல்ல விலங்கு. அம்பது வருசமா அந்தக் கேள்வியைக் கேக்காமலே காபி குடிச்சான். இப்பத்தான் சில ஊர்ல சட்டப்படி வெளைய வச்சுப் பார்ப்போம்னு சோதனை நடத்துறான்.

தாய்லாந்துதான் பார்க்க வேண்டிய கூத்து. 2022 ஜூன்ல போதைப் பட்டியல்ல இருந்து செடியைத் தூக்கிட்டாக. சுகாதார மந்திரி பத்து லட்சம் செடி இனாமாக் கொடுக்குறோம்னு அறிவிச்சாரு. மருத்துவத்துக்குத்தான், போதைக்கு இல்லன்னாரு. ஆனா எப்படி விக்கணும், யாருக்கு விக்கணும்னு சொல்ற சட்டத்தைப் பார்லிமெண்டுல முடிக்கவே இல்ல. கதவைத் தொறந்து விட்டாச்சு, நிலை மட்டும் இன்னும் தச்சு வரல! ஆயிரக் கணக்குல கடை. சுத்துலா வந்தவன் எல்லாம் மருத்துவம் பார்த்துட்டுப் போனான். 2025 ஜூன்ல அந்த மந்திரியோட கட்சி கூட்டணிய விட்டு வெளிய போச்சு. அதே மாசம் உத்தரவு, இனிமே டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு. செடியோட குணம் ஒரே மாசத்துலயா மாறிருச்சு? இன்னொண்ணு கேளு. செப்டம்பர்ல அந்த மந்திரியே பிரதமரா வந்துட்டாரு. செடி கொடுத்தவரு நாற்காலிக்குப் போயிட்டாரு, செடி டாக்டர் சீட்டுக்குப் போயிருச்சு. கடன் வாங்கிக் கடை போட்டவன்தான் நடுத்தெருவுல.

என்ன, பேச்சைக் காணோம்?

உடம்பைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லிப்புடுறேன். எங்க காலத்துல மடத்துல ஒரு சாமியாரு இருந்தாரு. சிலும்பியும் கையுமாத்தான் இருப்பாரு. எழுவது தாண்டி இருந்தாரு, யாரு வம்புக்கும் போகல. அவரைக் காட்டி நீ வாதம் பண்ணலாம். மேலத் தெருவுல ஒரு பய இருக்கான், அவனைக் காட்டி நானும் பண்ணலாம். பத்தாவது படிக்கையில தொட்டான். பன்னெண்டாவதுல தெனமும். ஒருநாள் ராத்திரி ஃபேனைக் கழட்டிக் கீழ வச்சுட்டு உக்காந்திருக்கான். ஏன்டான்னா, அதுக்குள்ள இருந்து பேரு சொல்லிக் கூப்பிடுறாகங்கிறான். மதுரையில காட்டுன டாக்டரம்மா சொன்னாக, எல்லாருக்கும் இப்படி வராது, ஆனா பிஞ்சுல தொட்டு, தெனமும் இழுத்து, வீரியம் கூடுன சரக்கா இருந்தா வாய்ப்பு கூடும்னு. தொடுறவன்ல பத்துல ஒருத்தன் விட முடியாம மாட்டிக்கிறான்னும், சின்ன வயசுல தொட்டா ஆறுல ஒருத்தன்னும் சொன்னாக. அந்தப் பய இப்ப மாத்திரையில இருக்கான். ஆளைப் பார்த்துச் சிரிக்கிறான். சாமியாரு இழுத்த இலைக்கும், இப்ப வெளிநாட்டுல கண்ணாடி வீட்டுக்குள்ள விளக்கு போட்டு வளக்குற பூவுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். அமெரிக்காவுல புடிபட்ட சரக்கோட வீரியம் 1995ல இருந்து இருபது வருசத்துக்குள்ள மூணு மடங்கு ஆயிருச்சு. ஏன் ஏத்துறான்? யாவாரம்டா.

நம்ம தெரு மொனையில விக்கிற பொட்டலம் என்ன லட்சணம்னு நெனைக்கிற? கட்டை விரல் தண்டிக்குப் பேப்பர் மடிப்பு. பிரிச்சா காம்பு, விதை, தூசி, கறுத்துப் போன பூ கொஞ்சம். பீடிக்குள்ள வச்சுப் பத்த வச்சா விதை பட்டு பட்டுன்னு வெடிக்கும். அதுல என்ன கலந்திருக்குன்னு விக்கிறவனுக்கும் தெரியாது, வாங்குறவனுக்கும் தெரியாது. சட்டப்படி வித்தா சுத்தமான சரக்கு கிடைக்கும்னு நீ சொன்னியே, அந்த ஒரு வாதத்தை ஒத்துக்குறேன். நல்ல வாதம். இன்னொண்ணும் ஒத்துக்குறேன். பொட்டலம் வச்சிருந்த பத்தொன்பது வயசுப் பயலை உள்ள தள்ளுனா, பட்டதாரியாப் போனவன் யாவாரியா வெளிய வருவான். உள்ள இருக்குற வாத்தியாருக அப்படி.

அப்ப கடை தொறக்கலாமான்னா, கூடாது. ஏன்னு கேளு.

டாஸ்மாக் கம்பெனி 1983ல வந்துச்சு, மொத்த யாவாரத்துக்கு. 2003ல கடையும் நாங்களே நடத்துறோம்னு அரசாங்கம் உக்காந்துச்சு. ஒழுங்கு பண்ணத்தான் உக்காந்தோம்னாக. இருபது வருசம் தாண்டிருச்சு. 2024-25ல மட்டும் அதுல வந்த வருமானம் 48,000 கோடிக்கு மேல. எந்தக் கட்சி வந்தாலும் படிப்படியாக் குறைப்போம்ங்கும். 2023ல 500 கடையை மூடுனாக, கை தட்டுனோம். வருமானம் குறைஞ்சுச்சா? ஏறிருச்சு! பொங்கலுக்கு எம்புட்டு வித்துச்சுன்னு பேப்பர்ல போடுறான், நாமளும் பரீட்சை ரிசல்ட்டு பாக்குற மாதிரிப் பாக்குறோம். கல்லாவுல உக்காந்தவன் எவனாவது, இன்னைக்குக் கூட்டம் கம்மியா வந்தா தேவலைன்னு சாமி கும்பிடுவானா? ஆட்டுக்குக் காவலாக் கசாப்புக் கடைக்காரனைப் போட்டுட்டு, ஆடு எளைக்குதேன்னு அழுறதுல என்ன இருக்கு?

தனியாருகிட்டக் கொடுத்தாத் தேவலையா? அவன் இன்னும் கெட்டிக்காரன். ஆரஞ்சு முட்டாய், சாக்லேட்டு, கரடி பொம்மை உருவத்துல ஜெல்லின்னு போட்டு விப்பான். கனடாவுல 2018ல சட்டமாக்குனதுக்கு அப்புறம், அந்த முட்டாயைத் தெரியாமத் தின்னு ஆஸ்பத்திரிக்கு வந்த சின்னப் பிள்ளைக எண்ணிக்கை கூடிருச்சுன்னு அங்க உள்ள டாக்டருகளே எழுதியிருக்காக.

ஜெர்மனிக்காரன் 2024 ஏப்ரல்ல ஒரு காரியம் பண்ணான் பாரு, அவன் கொஞ்சம் புத்திசாலி. வயசு வந்தவன் வெளிய போறப்ப 25 கிராம் வரைக்கும் வச்சுக்க, வீட்டுல மூணு செடி வளத்துக்கன்னு விட்டான். சங்கம் வச்சு சேர்ந்து வளத்துக்கலாம், லாபம் பார்க்கக் கூடாது. கடை மட்டும் தொறக்கல! போர்ச்சுக்கல்காரன் 2001லயே இன்னொரு வழி கண்டுபிடிச்சான். விக்கிறது குத்தம், குத்தமேதான். சொந்தத்துக்குப் பத்து நாளைக்கு உண்டானதுக்குள்ள வச்சிருந்தா ஜெயில் இல்ல. மூணு பேரு உக்காந்த சபைக்கு முன்னால போயி நிக்கணும். ஏன்டா பண்ற, எம்புட்டு நாளா, வைத்தியம் பாக்குறியான்னு கேப்பாக. தேவைன்னா அபராதம், தேவைன்னா ஆஸ்பத்திரி. இதை என்னமோ ஐரோப்பியக் கண்டுபிடிப்புன்னு பேசுறாக. ஆலமரத்தடியில நம்மாளுக பண்ணுனதுதானே? துண்டை இடுப்புல கட்டச் சொல்லாம, நாற்காலி போட்டு உக்கார வச்சுக் கேக்கான், அதுதான் அவன் பண்ணுன திருத்தம். அது நல்ல திருத்தம்தான்.

என் தீர்ப்பு இதுதான்டா. தொட்டவனுக்கு வைத்தியம், வித்தவனுக்கு விலங்கு, கல்லா எவனுக்கும் கெடையாது. கோட்டையில இருக்குறவுக இதைக் கேப்பாகன்னு எனக்கு நம்பிக்கை இல்ல. ஜெயில்ல போட்டா நாளைக்குப் பேப்பர்ல படம் வரும், கடை தொறந்தா நாளைக்கே காசு வரும். வைத்தியம் பார்த்தா என்னடா வரும்? ஒருத்தன் ஒழுங்கா வேலைக்குப் போவான். அதுல எவனுக்கு ஓட்டு?

ஒரு காரியம் மட்டும் நெஞ்சுல வச்சுக்க, உன் சேத்தாளிகளுக்கும் சொல்லு. இப்ப இருக்குற அதே 1985ச் சட்டத்துல 64ஏன்னு ஒரு பிரிவு இருக்கு. பழக்கத்துல மாட்டுனவன், குடிச்ச குத்தமோ சின்ன அளவு வச்சிருந்த குத்தமோ மட்டும் சுமத்தப்பட்டவன், தானா முன்வந்து அரசாங்கம் ஏத்துக்கிட்ட ஆஸ்பத்திரியில போதை மீட்பு வைத்தியம் எடுத்துக்கிட்டா, அவன் மேல வழக்கு நடத்தக் கூடாதுன்னு எழுதியிருக்கு. வைத்தியத்தைப் பாதியில விட்டா அந்தச் சலுகை போயிரும். நம்ம ஊருல எத்தனை வக்கீலு இதைச் சொல்றாக? எத்தனை அப்பனுக்குத் தெரியும்? எவனாவது மாட்டிக்கிட்டு முழிச்சான்னா, மத்திய அரசாங்கம் 2024ல ஆரம்பிச்ச 1933ங்கிற நம்பருக்குப் போனைப் போடச் சொல்லு. புதுச் சட்டம் வர்ற வரைக்கும் அவன் காத்திருக்க வேணாம்.